லண்டனிலிருந்து சூரிச் ஒரு மணி நாற்பது நிமிடம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட மண்டபத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். எண்பதுகளின் நடுவில் எங்கள் உரத் தொழிற்சாலை என்னை கம்ப்ரஸர் பயிற்சிக்காக மூன்று வாரம் அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். டிக்கெட்டைவிட எனக்குப் பிடித்தது டிராவல் ஏஜென்ட் இனாமாகக் கொடுத்த விமான கால அட்டவணைப் புத்தகம்தான். தலையணை கனம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்குள் ஐரோப்பாவை முக்கால்வாசி மனப்பாடம் செய்துவிட்டேன்.

முதல் மூன்று நாள் நியூ ஜெர்சியில், சித்தப்பா மகன் பாலாஜி வீட்டில். அவன் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவான். அவன் மனைவி வசந்திக்கு மத்தியானம் வரை வேலை. ஆளில்லாத வீட்டில் எத்தனை நேரம்தான் டீவியைப் பார்ப்பது? கதவைச் சாத்திக்கொண்டு நடக்கக் கிளம்பினேன். நடைபாதை ஒரு பர்லாங்கில் தீர்ந்துபோனது. அதற்கப்புறம் சாலை ஓரப் புல்லில் நடந்தேன். பத்து நிமிடத்தில் ஒரு போலீஸ் கார் பக்கத்தில் வந்து நின்றது.

கார் ரிப்பேரா என்று கேட்டார் போலீஸ்காரர். இல்லை, நடக்கிறேன் என்றேன். எங்கே போகிறாய் என்றார். எங்கேயும் இல்லை என்றேன். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின் கதவைத் திறந்து உட்காரச் சொல்லி, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

வசந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணா, இங்க நடக்கணும்னாகூட பார்க்குக்கு டிரைவ் பண்ணிட்டுப் போய்த்தான் நடக்கணும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாத்திருப்பாங்களே, இனி ஊரெல்லாம் இதே பேச்சுதான்."

பார்த்துத்தான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டின் பேஸ்மென்டில் தமிழர்கள் கூடிச் சாப்பிட்டபோது, "போலீஸ் கார்ல வந்தவர் இவர்தானா?" என்றே என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்தார்கள். தட்டில் புளியோதரையும் மக்ரோனியும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ரிட்டர்ன் எப்ப? எந்த ஊர்லேர்ந்து ஏறுறீங்க? எது வழியா?"

ஏன் இவ்வளவு அக்கறை என்று முதலில் புரியவில்லை. பாலாஜி சொன்னான். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஊரிலிருந்து வந்த அம்மாவோ மாமியாரோ இருக்கிறார். ஆறு மாதம் முடிந்து திரும்பும்போது அவர்களைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வராது. மெட்ராஸ் போகும் ஒருவன் அகப்பட்டால் அவனோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அதற்குத் துணை என்று பெயர். துணை கிடைக்கும்வரை டிக்கெட்டே வாங்க மாட்டார்கள்.

"மூணு வாரத்துல ஹூஸ்டன்லேர்ந்து லண்டன் வழியா போறேன்னு சொன்னேல்ல? இப்ப நீ பப்ளிக் பிராப்பர்ட்டி" என்றான் பாலாஜி.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மறுநாள் டெக்ஸஸிலிருந்து போன். டாக்டர் சிவநேசன் என்று ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் வீடு. அவருடைய அம்மா மெட்ராஸில் இருக்கும் மகளிடம் போக வேண்டும். "நீங்கள் இஞ்சை வந்ததும் ஒருக்கா வீட்டை வாங்கோ. அம்மா ஆளைப் பாக்கோணுமாம்."

பயிற்சிக்காக ஹூஸ்டனில் இறங்கியதும் வெயில் கன்னத்தில் அறைந்தது. நம் மே மாதத்துக்கு அண்ணன். பயிற்சி கொடுத்தவர் ஆறடி மூன்றங்குலம், தலையில் கௌபாய் தொப்பி, மேசைமேல் பூட்ஸ் கால். கம்ப்ரஸரைப் பற்றிப் பேசினால் மட்டும் குரல் கனிந்துவிடும். மத்தியானம் என்னைச் சாப்பிட அழைத்துப் போவார். நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றதும் அந்தக் கடைக்காரப் பெண் என்னை நோயாளியாகப் பார்த்து, ஒரு முழு உருளைக்கிழங்கைச் சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாளும் அதுதான். மூன்றாம் நாள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உருளைக்கிழங்கு வந்து சேர்ந்தது.

முதல் சனிக்கிழமை டாக்டர் வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் நெல்வயல். டெக்ஸஸில் நெல்லா என்று நான் வாயைப் பிளந்தேன். வீட்டில் அவருடைய அம்மா கூடத்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நாகேஸ்வரி அம்மா என்று பெயர். அறுபத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட என்னை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

"தம்பி, இடையிலை எங்கை இறங்கோணும்?"

"லண்டன்லம்மா. அப்புறம் பம்பாய்ல மெட்ராஸ் பிளேன் மாறணும்."

"லண்டனிலை இருந்து சூரிச்சுக்கு எத்தினை மணித்தியாலம்?"

எனக்கா தெரியாது? "ஒரு மணி நாற்பது நிமிஷம்" என்றேன் டாண் என்று. "சுமார் ஐந்நூறு மைல். இந்த டெக்ஸஸுக்குள்ளேயே ரெண்டு ஊரையும் வச்சுட்டு மிச்சம் இடம் இருக்கும்."

அடுப்படியில் டாக்டரின் மனைவி மலர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானே" என்றார் அம்மா. "நான் என்னவோ அங்காலை எங்கையோ எண்டு நினைச்சன்."

பிறகு டாக்டர்தான் சொன்னார். கடைசித் தம்பி குலம் சூரிச்சில் இருக்கிறான். ஊரில் நிலைமை கெட்டபோது இருபது வயதில் கிளம்பியவன். அகதி என்று விண்ணப்பித்து மூன்று வருடமாகிறது. இன்னும் முடிவு சொல்லவில்லை. அந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அம்மாவுக்கு அங்கே போக விசா கேட்டு இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். அவன் கிளம்பியதிலிருந்து தாயும் பிள்ளையும் போனில்தான் பேசிக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. மற்றதும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரான மகனாலேயே சொல்ல முடியவில்லை.

"மெட்ராஸுக்குப் போனா இனி எங்கை நான் பிளேன் ஏறப்போறன்? கண் தெரியேக்கையே பிள்ளையை ஒருக்காப் பாத்திடோணும்" என்றார் அம்மா.

டாக்டரின் எட்டு வயது மகள் அனு சோபாவுக்குப் பின்னாலிருந்து, "வை கான்ட் சித்தப்பா ஜஸ்ட் கம் ஹியர்?" என்று கேட்டாள். மலர் வந்து அவளைக் கைபிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கூடத்தில் நடந்தேன். பையிலிருந்து அட்டவணைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். லண்டனிலிருந்து பம்பாய்க்கு நேராகத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டம்? லண்டன், சூரிச், பம்பாய் என்று போனால்? விமானம் மாறுகிறவர்களுக்கு விசா தேவையில்லை. ஊருக்குள் போக முடியாது, நிலையத்துக்குள் இருக்கலாம்.

"உள்ள இருந்து என்ன செய்யிறது? அவனை உள்ளுக்கு விடமாட்டினமே" என்றார் டாக்டர்.

சூரிச்சுக்கே போன் போட்டோம். குலம் தங்கியிருந்த விடுதியில் காப்பாளர் அறையில் ஒரு போன். அவனைக் கூட்டிவர ஐந்து நிமிடம் ஆனது. விஷயத்தைச் சொன்னதும் அவனே வழி சொன்னான். அங்கே விமான நிலையத்தில் ஜனங்கள் விமானத்தை வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு மொட்டை மாடி இருக்கிறதாம். விமானத்திலிருந்து இறங்கிப் பஸ்ஸில் ஏறுகிறவர்களை அங்கிருந்து பார்க்கலாமாம். "நான் மேலை நிப்பன், அம்மா கீழை வரட்டும். அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் போனை வாங்கி நேரத்தைச் சொன்னேன். புத்தகத்தில் லண்டன் புறப்பாடு ஒன்பது இருபது, சூரிச் வருகை பன்னிரண்டு என்று போட்டிருந்தது. "தம்பி, புத்தகத்துல பன்னிரண்டுன்னு போட்டிருக்கு. ஆனா லண்டனுக்கும் உங்க ஊருக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கு. அதையும் கூட்டிக் கணக்குப் போட்டுட்டேன். சரியா ஒரு மணிக்கு மாடியில நில்லுங்க."

எல்லோரும் என்னை மெச்சிக்கொண்டார்கள். டாக்டர், "இஞ்சினியர் எண்டா இப்பிடி இருக்கோணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனிக்குத் தந்தி அடித்து என் டிக்கெட்டையும் மாற்றிக்கொண்டேன்.

மிச்ச இரண்டு வாரமும் கம்ப்ரஸரில் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்ப்போமே என்று வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். வந்த பஸ் எதிர்த் திசையில் போனது. மெட்ராஸில் இந்த நேரத்துக்கு நாற்பது பஸ் வந்திருக்கும், ஏற இடம் இருக்காது என்பது வேறு விஷயம். கடைசியில் கௌபாய் தொப்பிக்காரர்தான் தன் டிரக்கில் ஏற்றிக்கொண்டார். எதற்காக இப்படிப் பறக்கிறாய் என்று அவர் கேட்டபோது, அம்மாவையும் மகனையும் பற்றிச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பிறகு, என் அம்மா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள், போய்ப் பார்த்து ஒரு மாதமாகிறது என்றார்.

கிளம்பும் நாள் அம்மா ஒரு தகர டின்னோடு காரில் ஏறினார். உள்ளே பருத்தித்துறை வடை. தட்டை மாதிரி இருக்கும். வாயில் போட்டால் மொறுமொறுவென்று பெருஞ்சீரகம் மணக்கும். குலத்துக்கு உயிராம். "அம்மா, அவனிட்டைக் குடுக்க ஏலாது எண்டு சொன்னனான்தானே" என்றார் டாக்டர். "தெரியும். நான் சுடுறதை ஆரும் தடுக்கேலாது" என்றார் அம்மா. என்னோடு வந்த அத்தனை தூரமும் அந்த டின் அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

லண்டனில் காலையில் விமானம் மாறினோம். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டதும் கையை நீட்டி என் கைக்கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கீழே பச்சைக் கட்டங்கள், நடுவில் கொஞ்சம் கடல், மறுபடி கட்டங்கள். "இப்ப எவ்வளவு கிடக்கு?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். நானும் சளைக்காமல் சொன்னேன். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர், உன் அம்மாவுக்கு முதல் விமானப் பயணமா என்று கேட்டார். என் அம்மா இல்லை என்று நான் மறுக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். விமானி பேசினார். சூரிச்சில் வானம் தெளிவாக இருக்கிறது, உள்ளூர் நேரம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இறங்குவோம் என்றார்.

உள்ளூர் நேரம் பன்னிரண்டு.

பையிலிருந்து புத்தகத்தை உருவி எடுத்தேன். எத்தனை முறை படித்திருக்கிறேன்? முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம் என்று. ஒரு மணி நேர வித்தியாசத்தைப் புத்தகக்காரனே கூட்டித்தான் அச்சடித்திருக்கிறான். நான் அதன் மேல் இன்னொரு மணி நேரத்தைக் கூட்டி, என் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். குலம் ஒரு மணிக்குத்தான் வருவான். நாங்கள் பன்னிரண்டுக்கே இறங்கி உள்ளே போயிருப்போம். மத்தியானம் இரண்டேகாலுக்கு பம்பாய் விமானம். அந்த நேரத்தை நான் அவனிடம் சொல்லவே இல்லை. ஒரு மணிக்கு வந்து பார்த்து, அம்மா வரவில்லை என்று அவன் திரும்பிப் போய்விட்டால்?

சக்கரம் தரையைத் தொட்டது. படியில் இறங்கும்போது அம்மா தலைமயிரைக் கையால் கோதி, சேலையைச் சரிசெய்துகொண்டார். தூரத்தில் அந்த மாடி தெரிந்தது. நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், குழந்தையோடு ஒரு பெண், அவ்வளவுதான். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்கை தம்பி? எனக்குத் தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

பஸ்ஸில் ஏறிய பிறகு சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. என் தப்பு, என் கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

உள்ளே ஒரு டெலிபோன் இருந்தது. அந்த ஊர்க் காசு என்னிடம் இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு துருக்கிக்காரப் பெண்மணியிடம் சைகை காட்டினேன். அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் அங்கிப் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தாள். விடுதியில் காப்பாளர்தான் எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் கால்வாசி. குலம் இல்லை, போய்விட்டான், விமான நிலையம் என்றார். திரும்பி வந்தால் சொல்லவா என்று கேட்டார். திரும்பி வந்த பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?

அந்தக் கூடத்தை எத்தனை முறை அளந்தேனோ தெரியாது. கண்ணாடி ஜன்னல் எல்லாம் மறுபக்கத்தைப் பார்த்திருந்தது. மாடி அங்கிருந்து தெரியவில்லை. கடிகாரம் ஒன்றைத் தாண்டியது. இந்நேரம் அவன் மேலே நிற்கிறான். லண்டன் விமானம் எது என்று யாரையாவது கேட்டிருப்பான். அது வந்து ஒரு மணி நேரமாகிறது என்று சொல்லியிருப்பார்கள்.

"தம்பி, இஞ்சை வந்து இருங்கோ" என்றார் அம்மா. நான் விஷயத்தைச் சொன்னபின் அவர் பேசிய முதல் வார்த்தை. டின்னைத் திறந்து இரண்டு வடையை எடுத்து என் கையில் வைத்தார். "காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை நீங்கள். தின்னுங்கோ."

"இது அவருக்குச் சுட்டதும்மா."

"ஓம். தின்னுங்கோ."

தின்றேன்.

ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். மறுபடி பஸ். விமானம் கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. நான் முதலில் குதித்து இறங்கி, படிக்கட்டுக்குப் போகாமல் மாடியைப் பார்த்தேன். இப்போது கூட்டம் அதிகம். நாற்பது ஐம்பது பேர், எல்லோரும் கோட்டும் ஜெர்கினும். இந்தத் தூரத்தில் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. என் கண் வரிசையாக ஓடியது. கடைசி முனையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் உருவம். இடுப்புக்கு மேல் கறுப்பு ஜெர்கின். இடுப்புக்குக் கீழே வெள்ளை வேட்டி. காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அம்மாவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அந்தப் பையன் பேண்டுக்கு மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். லண்டன் விமானம் எப்போதோ வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் போகாமல் நின்றிருக்கிறான்.

"அம்மா! அங்க! வலது கோடி, வெள்ளை வேட்டி!" என்று கத்தினேன்.

அவர் பார்த்தார். கையைத் தூக்கவில்லை. டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மேலே அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினான். ஏதோ கத்தினான், என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பயணிகள் எங்களைத் தாண்டிப் படியேறினார்கள். விமான நிலையப் பெண் ஒருத்தி வந்து, தயவு செய்து ஏறுங்கள், நேரமாகிறது என்றாள்.

நான் அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் குனிந்து உட்கார்ந்தேன். இடது கால் ஷூ லேஸை அவிழ்த்தேன். நிதானமாக ஒவ்வொரு துளையாகக் கோத்தேன். கட்டினேன். சரியில்லை என்று மறுபடி அவிழ்த்தேன். பிறகு வலது கால். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்பி மாடியையும் பார்த்தாள். அதற்கப்புறம் கையிலிருந்த பட்டியலைப் புரட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசி ஆளாக அம்மாவைக் கைபிடித்துப் படியேற்றினேன். ஒவ்வொரு படியிலும் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்று ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டினார். வேட்டி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. சீட்டில் உட்கார்ந்தபின் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் வெகுநேரம் துடைத்தார்.

"பாத்தீங்களாம்மா? நல்லாத் தெரிஞ்சுதா?"

"ஓம் தம்பி" என்றார். "பிள்ளை நல்லா மெலிஞ்சு போனான்."